ஃபைபர் இணைப்புக்குப் பூக்கேட்ட கதை

உ

எடுத்த காரியத்தைத் தடையின்றி முடித்துத் தரும் ஆனைமுகப் பெருமானின் திருவடியைத் தலைமேற்கொண்டு, அவனுக்கு இளையோனாய்த் தங்கள் ஊர் மலைமேல் நின்று நம் இரு குடும்பங்களையும் ஒரே பார்வையில் காத்தருளும் சிரகிரி வேலவனை மனத்தால் வலம்வந்து எழுதத் தொடங்குகிறேன்.

கணபதி, கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

சென்னிமலையில் பெட்ஷீட் வணிகத்திலும் செய்யுள் ஓதுவதிலும் ஒருசேரப் பெயர்பெற்றவரும், என் மகள் லோகப்பிரியாவைத் தம் வீட்டு மருமகளாக ஏற்று எங்களைப் பெருமைப்படுத்தியவருமான அன்பிற்குரிய சம்பந்தி சென்னியப்பன் அவர்களுக்கு, பாலுசாமி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் கருப்பாத்தாளும் நலம். அங்குத் தாங்களும், சம்பந்தியம்மாள் பழனாத்தாளும், சினையாயிருக்கும் செவலைப் பசுவும் நலம் என நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுத நேர்ந்ததே என் துயரம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தவறாமல் என் கைப்பேசிக்கு வரும் தங்கள் முருகன் படமும் அதன்கீழ் மலரும் ரோஜாப்பூவும் ஒன்பது நாளாக வரவில்லை. அழைத்தால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் மும்மொழியில் சொல்கிறது. பெங்களூரில் இருக்கும் மகளிடம் கேட்டிருக்கலாம். பெரியவர்களுக்குள் வந்த மனத்தாங்கலில் அவளை இழுப்பது முறையன்று என்று வாளாவிருந்துவிட்டேன்.

தங்கள் சினத்தின் காரணம் நான் அறியாததன்று. வெள்ளிக்கிழமை மாலை தோறும் தாங்கள் ஒரு செய்யுளை ஓத, நான் அதன் பொருளை விரிக்க, வீடியோ அழைப்பில் நாம் இருவரும் நடத்திவரும் நூறு செய்யுள் வேள்வியில் அன்று தொண்ணூற்றாறாவது. அடியவர் அழைப்பதற்கு முன்னரே இறைவன் வந்து நிற்பான் என்பது பொருள். அதை நான் விரித்துக்கொண்டிருக்கையில் தாங்கள் ஆள்காட்டி விரலை உயர்த்தி, “ஏனுங்க சம்பந்தி, கூப்புடறதுக்கு முன்னாலயே வந்து நிக்கறவனை அப்பறம் எதுக்குங்க கூப்புடோணும்?” என்று வினவினீர்கள். அவ்வளவுதான். உயர்த்திய விரல் உயர்ந்தபடி நின்றது. திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. நான் இணைப்புப் பெட்டியை அணைத்தேன், ஏற்றினேன், தட்டினேன், கும்பிட்டேன். அரை மணி நேரம் போராடித் தோற்றபின் கைப்பேசியில் அழைத்தேன். அப்போதே தாங்கள் அணைத்துவிட்டிருந்தீர்கள்.

இவ்வாறு இணைப்பு அறுபடும்போது எதிர்த்திரையில் என் முகம் எவ்வாறு உறைந்து நிற்கும் என்பதை நான் அறிவேன். சென்ற மாதம் லோகப்பிரியாவுடன் பேசுகையில் இதே நேர்ந்து, அவள் அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஒரு கண் மூடியும் மறு கண் பாதி திறந்தும், உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டும், பாகற்காயைக் கடித்துவிட்டுத் துப்ப இடம் தேடுகிறவன் போலிருந்தேன். நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, விடையாக அந்த முகத்தைப் பெற்ற தங்கள் உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும்! சம்பந்தியைப் பழித்துக் காட்டினான் பாலுசாமி என்ற சொல் சென்னிமலையில் எழுமானால் நான் எந்த முகத்தோடு படியேறுவேன்?

ஆகவே மூலகாரணத்தைத் தேடிப் புறப்பட்டேன். எங்கள் வீட்டு இணைப்பு பழைய தொலைபேசிக் கம்பி வழியே வருவது. அக்கம்பி அடுத்த வீட்டு லேத் பட்டறையின் தகரக் கூரையை உரசி, எங்கள் முருங்கை மரத்தினூடே நுழைந்து உள்ளே வருகிறது. காற்றடித்தால் முருங்கை ஆடும். முருங்கை ஆடினால் நான் அசைவற்று நிற்பேன். இதற்கு ஒரே பரிகாரம் கடைசிவரை கண்ணாடி இழையே ஓடும் முழு ஃபைபர் இணைப்பு என்று பட்டறைக்காரர் சொன்னார். எவரிடம் வாங்குவது என்றதற்கு, நாடெங்கும் கிளை பரப்பிய பெரிய கம்பெனி என்று கீழ்ப்புறத்து வீடுகள் உரைத்தன. எங்கள் வீதிக்கு இருபதாண்டாகக் கேபிள் டிவி தரும் ராமுலு என்று மேல்புறத்து வீடுகள் உரைத்தன. நடுவில் இருப்பது எங்கள் வீடு.

பெரிய கம்பெனியின் சார்பில் நித்யஸ்ரீ என்றொரு பெண் வந்து, மிக்க மரியாதையுடன் அமர்ந்து, “ஐயா, உங்க யூசேஜ் என்னங்க?” என்றாள்.

“செய்யுள்” என்றேன்.

அவள் தன் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். “கேமிங் இருக்குங்க, சினிமா இருக்குங்க, ஊட்டுல இருந்து ஆபீஸ் வேலை பாக்கறது இருக்குங்க. செய்யுள் எந்தப் பேக்ல வருமுன்னு மேனேஜரைக் கேட்டுத்தான் சொல்லோணுங்க.”

ஃபைபர் என்பது யாது என்று கேட்டேன். முடியளவு கண்ணாடி இழைக்குள் நம் பேச்சு வெளிச்சமாக மாறிப் போகும் என்றாள். செம்புக் கம்பியில் தடுமாறி விழுந்த சொல், ஒளியின் மேல் ஏறிச் செல்லும் என்பதைக் கேட்டதும், சோதி வடிவாய் நிற்பவனின் கருணையை எண்ணி என் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் திகைத்துப்போய், “அழுவாதீங்க ஐயா, மொத மாசம் சும்மா பாக்கறதுக்குத்தானுங்க. புடிக்கலைன்னா எடுத்துக்கலாமுங்க” என்று தேற்றினாள்.

மாலையில் ராமுலு மொபெட்டில் ஏணியைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். “அவிய ஆபீசு எங்கீன்னு அவியளுக்கே தெரியாதுங்க. நான் உங்க வீதி முக்குல இருக்கறனுங்க. உங்க மக கண்ணாலத்துக்குப் பந்தல்ல டிவி கட்டுனது யாருங்க?” என்று கேட்டுவிட்டுக் கருப்பாத்தாள் தந்த காப்பியைக் குடித்துச் சென்றார்.

அறிவால் முடியாத முடிவை அம்மனிடம் விடுவதன்றி வேறு வழி உண்டா? பெண் எடுக்கவும், கிணறு வெட்டவும், நிலம் வாங்கவும் நம்மவர் பூக்கேட்பது வழக்கமாயிற்றே. புதன்கிழமை காலை நீராடி, வீதி மாகாளியம்மன் கோயிலுக்குச் சென்றேன். வெள்ளை அரளி வந்தால் பெரிய கம்பெனி, சிவப்பு அரளி வந்தால் ராமுலு என்று மனத்துள் நினைத்து, இரண்டையும் தனித்தனியே வாழையிலைத் துண்டில் ஒன்றுபோல் மடித்து அம்மன் பாதத்தில் வைத்தேன். பூசாரி கற்பூரம் காட்டினார். பூக்கட்டும் பெண்ணின் குழந்தையிடம் ஒன்றை எடுக்கச் சொன்னோம். பிரித்தால் சிவப்பு. வழியிலேயே ராமுலுவிடம் உத்தரவாகிவிட்டதென்று சொல்லி, சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டு வீடு சேர்ந்தேன்.

“அம்மணி, ஆத்தா வாக்குக் குடுத்துட்டா. ராமுலுதான்” என்றேன்.

கருப்பாத்தாள் அரிசியைப் புடைத்துக்கொண்டே, “அதெப்புடீங்க? நான் நேத்தே போய்ப் பூக்கேட்டுப்போட்டேன். பெரிய கம்பெனின்னுதான் வந்துச்சு. சனிக்கிழமை வரச்சொல்லி அந்தப் புள்ளைக்குப் போனும் பண்ணிப்போட்டேன்” என்றாள்.

“என்னைக் கேக்காம எதுக்குப் போனே?”

“நீங்க என்னைக் கேட்டுட்டாப் போனீங்க?”

ஒரே அம்மன், ஒரே பீடம், ஒருநாள் இடைவெளி, இரண்டு வாக்கு. நாற்பதாண்டுப் பக்தியில் எனக்கு இத்தகைய சோதனை நேர்ந்ததில்லை. இருவருமாகப் பூசாரியிடம் ஓடினோம். அவர் எங்களைத் தனித்தனியே விசாரித்தார். கருப்பாத்தாள் சிவப்பைப் பெரிய கம்பெனிக்கும் வெள்ளையை ராமுலுவுக்கும் வைத்திருக்கிறாள். அவளுக்கும் வந்தது சிவப்பே.

“அம்மன் ரெண்டு நாளும் ஒரே வாக்காத்தான் சொல்லியிருக்கறா. சிவப்புன்னா சிவப்பு. கொழப்பமெல்லாம் உங்கூட்டுல இருக்குதுங்க. மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு அப்பறம் அவகிட்ட வாங்க” என்று பூசாரி நடையைச் சாத்தினார்.

வாக்களித்துவிட்ட இருவரில் எவரையும் வரவேண்டாம் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்குப் பெரிய கம்பெனியின் பெயர் பொறித்த பனியனணிந்து பவன் என்னும் தொழில்நுட்பர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஏணி போட்டு மாடியேறி, கறுப்பு வடத்தைச் சுவரோரம் இறக்கிக்கொண்டிருந்தார். ராமுலுவின் ஆள் பதினொன்றுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இருவரும் எங்கள் வாசலில் மோதிக்கொண்டால் எவர் பக்கம் நிற்பது என்று நான் கந்தவேளை வேண்டி நிற்கையில், ஏணிமேல் இருந்த பவனின் கைப்பேசி ஒலித்தது.

“சொல்லுங்கண்ணா... பாலுசாமி ஐயா ஊடா? அங்கதானுங்கண்ணா இருக்கறேன்... ஆமாங்கண்ணா, ஏணி மேலதான்.”

இறங்கி வந்தார். பையிலிருந்து வேறொரு சட்டையை எடுத்தார். அதன் முதுகில் ராமுலுவின் பெயர் இருந்தது. பனியனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அதை அணிந்துகொண்டு, “பதினொன்னுக்கு வாரேன்னு சொன்ன ஆளு நான்தானுங்க” என்றார்.

அவரே விளக்கினார்: “வீதிக்குள்ள ஓடற வயரு ஒண்ணேதானுங்க, ராமுலுண்ணனுது. பெரிய கம்பெனி அதுல வாடகைக்கு வாராங்க. வயரும் நாந்தான், ரிப்பேரும் நாந்தான். சட்டை மட்டுந்தானுங்க வேற.”

பல பெயரும் பல வடிவும் கொண்டாலும் பொருள் ஒன்றே என்று எத்தனை வெள்ளிக்கிழமை தங்களுக்கு விரித்துரைத்திருப்பேன்! அதன் உண்மையை ஏணியடியில் நின்று கண்டேன். நான் அந்தப் பரவசத்தில் இருக்க, கருப்பாத்தாள் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “ஏனுங் கண்ணு, கெட்டுப்போனா எப்புடி?”

“கம்பெனின்னா நீங்க நம்பரப் போட்டு, இங்கிலீசுக்கு ஒண்ணு தமிழுக்கு ரெண்டு அமுக்கி, கம்ப்ளெய்ண்டு குடுத்து, அவங்க எனக்கு மெசேஜ் போட்டு, நான் வரோணுங்கம்மா. ராமுலுண்ணன்னா சன்னல்ல நின்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதுமுங்க.”

“அப்பச் சட்டைய மாத்தாம அப்புடியே மேல ஏறுங்க கண்ணு” என்றாள்.

நான்கு நாள் அம்மனையும் இரு பக்கத்து வீதியையும் அலைக்கழித்த வினா இவ்வாறு தீர்ந்தது. நித்யஸ்ரீயிடம் செய்தி சொல்லி வருந்தினேன். பரவாயில்லை என்றதோடு, செய்யுளுக்குப் பேக் இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தாள்.

இப்போது ஃபைபரின் வெள்ளைப் பெட்டி குங்குமப் பொட்டுடன் பூசையறை வாசலில் பச்சை விளக்கெரிய இருக்கிறது. முருங்கை ஆடுகிறது, நான் நிற்பதில்லை. லோகப்பிரியாவை அழைத்துப் பேசிப் பார்த்ததில், அவள் சமையலறைக் குக்கரின் ஆவி கூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் தாங்கள் இல்லாத இணைப்பை வைத்துக்கொண்டு நான் என் செய்வேன்? ஓதுவார் இன்றி உரைகாரன் எதற்கு? சென்ற வெள்ளி ஆறு மணிக்கு நான் மட்டும் டேப்லெட்டின் முன்னமர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சகிக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை தாங்கள் அவசியம் வர வேண்டும். தங்கள் கேள்வியின் நியாயத்தை ஒன்பது நாள் சிந்தித்துவிட்டேன். அதற்கு என்னிடம் விடையில்லை என்பதையும் எழுத்தால் ஒப்புக்கொள்கிறேன். பிழை பொறுத்தருள்க.

சிரகிரியான் அருளால் தங்கள் தறியில் இழை அறாமலும், தொழுவத்தில் பால் வற்றாமலும், சம்பந்தியம்மாளின் முழங்கால் நோவு நீங்கியும், மக்களும் மருமக்களும் மனம் ஒன்றியும், தங்கள் இல்லம் என்றென்றும் பொலிக.

இங்ஙனம்,
என்றும் தங்கள் அன்பை வேண்டும்
பாலுசாமி

பின்குறிப்பு (திங்கள் காலை): உறையை ஒட்டும் நேரத்தில் தாங்களே கைப்பேசியில் அழைத்துவிட்டீர்கள். அன்று பேசி முடித்து எழுந்த மகிழ்ச்சியில் போன் மாட்டுத் தண்ணீர்த் தாழிக்குள் விழுந்ததென்றும், பெருந்துறையிலிருந்து நேற்றுத்தான் பழுது நீங்கி வந்ததென்றும் சொன்னீர்கள். “ஏனுங்க சம்பந்தி, சம்பந்தம் பண்ணுன பன்னெண்டு வருசத்துல அன்னைக்குத்தானுங்க நீங்க என்னைய முழுசாப் பேச உட்டீங்க. கேள்வியக் கேட்டு, நானே பதிலையும் சொல்லி, அரை மணி நேரம் ஓட்டமா ஓட்டுனனே, கண்ண மூடி, ஒரு அசைவு இல்லாம, அப்புடியே உருகிப்போய்க் கேட்டீங்களே! எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரலீங்க” என்றபோது தங்கள் குரல் தழுதழுத்தது. எனக்கும் அவ்வாறே ஆயிற்று. அதனால் உண்மையைச் சொல்ல நா எழவில்லை. கடிதத்தைக் கிழித்துவிடுங்கள் என்கிறாள் கருப்பாத்தாள். பூக்கேட்கலாமா என்றேன்; முறைத்தாள். தங்கள் முன் பொய்யுடன் அமர்ந்து பொருள் விரிக்க என்னால் ஆகாது, ஆகவே அனுப்பிவிடுகிறேன். அந்த அரை மணியும் என் செவியில் ஒரு சொல்லும் விழவில்லை, சம்பந்தி. வெள்ளிக்கிழமை அத்தனையையும் மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். நான் கண்ணை மூடி, அசையாமல், குறுக்கிடாமல் கேட்பேன். இன்று காலை பழகிப் பார்த்ததில் நான்கு நிமிடம் வரை முடிகிறது. அதற்கு மேலும் நான் அசைவற்றிருந்தால், தயவுசெய்து ராமுலுவின் ஃபைபரைச் சந்தேகிக்க வேண்டாம்.