கண்ணுக்கு இதமான கல்யாணப் பத்திரிகை

டாக்டர் சொன்னதைக் கேட்காமல் கெட்டவர்கள் ஊரில் நிறையப் பேர். சொன்னதற்கு மேலேயும் கேட்டுக் கெட்டவள் அநேகமாக நான் ஒருத்திதான்.

அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்று மும்பை செம்பூரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். திரையின் வெளிச்சத்தை அறைக்குத் தகுந்த மாதிரி இறக்கிக்கொள்ளுங்கள், சாயங்காலத்துக்கு மேல் நீல ஒளியைக் கொஞ்சம் குறையுங்கள், எழுந்து போனால் திரை தானாக அணையும்படி வையுங்கள், கண்ணுக்கும் ஓய்வு, கரண்டும் மிச்சம் என்றார். அவர் 'கொஞ்சம்' என்று சொன்னது இப்போது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. (வேண்டிய சமயத்தில் நினைவில்லை.)

வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்தைக் கால்வாசிக்கு இறக்கினேன். நீல ஒளியைக் குறைக்கும் பொத்தானை அது போகும் மட்டும் இழுத்து, இருபத்துநாலு மணி நேரமும் அப்படியே இருக்கும்படி வைத்தேன். ஒரு நிமிடம் சும்மா இருந்தால் திரை அணைந்துவிடும். திரை முழுக்கச் சந்தனம் பூசியதுபோல் ஆயிற்று. இரண்டே நாளில் கண் எரிச்சல் போயிற்று. குணமானவள் பேசாமல் இருப்பாளா? அப்பா, அம்மா, தங்கை வித்யா எல்லோருடைய போனையும் பிடுங்கி அதே வைத்தியத்தைச் செய்தேன். ஒரே வாரத்தில் திலக் நகரில் எங்கள் ஃபிளாட்டில் இருந்த ஒருவருக்கும் வெள்ளை எப்படி இருக்கும் என்பது மறந்துபோயிற்று.

இந்த நிலையில்தான் வித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பையன் வீட்டார் கல்யாண் என்கிற ஊரில் இருக்கும் பாலக்காட்டுக்காரர்கள். பையனின் அம்மா, அதாவது எங்கள் சம்பந்தி மாமி, சகுனம் பார்ப்பதில் பெயர் போனவர். ராகுகாலம் முடிந்து ஏழு நிமிடம்தான் ஆகிறது என்று நிச்சயதார்த்தத்தையே இன்னொரு நாளுக்குத் தள்ளிவைத்தவர். அப்பா போனில் அவரோடு பேசும்போதுகூட எழுந்து நின்றுதான் பேசுவார்.

பத்திரிகையை நானே கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறேன் என்று முன்னால் வந்து நின்றேன். (யாரும் கேட்கவில்லை.) புதுப் பக்கத்தைத் திறந்தால் அது ஏற்கெனவே இளமஞ்சளாக இருந்தது. கம்ப்யூட்டருக்குக்கூட நம் சம்பிரதாயம் தெரிந்திருக்கிறதே என்று மெச்சிக்கொண்டு, வண்ண வரிசையில் அரக்காகத் தெரிந்த ஒன்றை எழுத்துக்குத் தேர்ந்தெடுத்தேன். பிழை பார்க்க அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு இனிஷியலாக, விரல் வைத்துப் படிப்பவர். தாத்தா பெயருக்கு வரும்போது திரை அணைந்தது. மவுஸைத் தட்டி எழுப்பினேன். முகூர்த்த நேரத்துக்கு வரும்போது மறுபடி அணைந்தது. நாலாவது தடவை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீ பார்த்தால் சரி என்று எழுந்து போய்விட்டார்.

அச்சடித்தது தாராவியில் ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், தங்கமான மனிதர். அடிப்பதற்கு முன் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். நாங்கள் நாலு பேரும் நாலு போனில் பார்த்தோம். நாலிலும் மங்களகரமாக மஞ்சளாக இருந்தது.

அண்ணாச்சிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. போன் செய்தார்.

"ரொம்ப சாதாவா கெடக்கேம்மா. கல்யாணந்தான?"

தங்க மை அது இது என்று தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "கண்ணுக்கு இதமா இருக்கு அண்ணாச்சி. அப்படியே அடிங்கோ, ஒரு புள்ளிகூட மாத்த வேண்டாம்" என்றேன். வழவழப்பான காகிதம் கண்ணைக் கூசும், சொரசொரப்பான தடித்த காகிதத்தில்தான் வேண்டும் என்று கூடுதலாக ஓர் உத்தரவும் போட்டேன்.

பார்சல் வந்த நாள் நல்ல நாள். பத்து மணிக்குச் சம்பந்தி மாமி வந்து தங்கள் பங்கை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பையனின் மாமா அன்று மாலை குர்லா டெர்மினஸில் வண்டி ஏறி, இருநூறு பத்திரிகையைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். ஒன்பது மணிக்கு அப்பா பார்சலைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"யாருடி போயிட்டா?"

வெள்ளை வெளேரென்ற அட்டை. எழுத்து கத்தரிக்காய் நிறத்தில், கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் கறுப்பு. பிள்ளையார் படம் மட்டும் இல்லாவிட்டால், பதிமூன்றாம் நாள் சுபஸ்வீகாரத்துக்கு அழைக்கும் அட்டை என்று யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார்கள்.

அப்போது நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. போன் கேமராவை அட்டைக்கு மேலே பிடித்து, "இதுல பாருப்பா, நன்னா மஞ்சளாத்தானே இருக்கு" என்று வாதாடினேன். "அப்போ பாலக்காட்டுக்குப் பத்திரிகையோட உன் போனையும் அனுப்பு" என்று சொல்லிவிட்டு வித்யா அழ ஆரம்பித்தாள். அதுவரை எனக்கு இது ஒரு அச்சுப்பிழை. அவள் அழுததும்தான், அந்த மாமி இதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுந்து போனால் போகப்போவது என் தங்கையின் கல்யாணம் என்பது உறைத்தது.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அடுத்த லோக்கல் ரயிலிலேயே கிளம்பி வந்துவிட்டார். மறுபடி அடித்துக் காய ஐந்து நாள் ஆகும் என்றார். "எங்க ஆளுவ கல்யாணத்துக்கு வெள்ளையிலதாம்மா அடிப்போம். நீங்களும் அப்படி மாறிட்டியளோன்னு நெனச்சேன்" என்று தலையைச் சொறிந்தார். அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

சம்பந்தி மாமி உள்ளே வந்தார். அழுத முகம் ஒன்று, வேர்த்த முகங்கள் மூன்று, தலையைச் சொறியும் அண்ணாச்சி. மாமியே ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தார். அப்பா நின்றுகொண்டுதான் இருந்தார், இருந்தும் இன்னொரு தடவை எழுந்து நிற்க முயன்றார். நான் டாக்டரில் ஆரம்பித்து ஒன்று விடாமல் ஒப்பித்தேன். தப்பு முழுக்க என்னுடையது, என் தங்கை பாவம் ஒன்றும் அறியாதவள் என்று முடித்தேன்.

மாமி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் அதன் சொரசொரப்பைத் தேய்த்துப் பார்த்தார்.

"பத்திரிகைக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவறது வழக்கந்தானே" என்றார். "மூலை சித்தெ பெரிசா இருந்துட்டுப் போகட்டும். ஆத்துல மஞ்சப்பொடி எத்தனை இருக்கு?"

சொல்லிவிட்டுப் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மஞ்சளும் சந்தனமும் பன்னீரில் குழைத்துப் பஞ்சில் தொட்டு அட்டை முழுக்கத் தேய்த்தோம். வழவழப்பான காகிதமாக இருந்திருந்தால் ஒட்டியிருக்காது. (அந்த ஓர் உத்தரவுக்காக என்னை நானே இன்றுவரை பாராட்டிக்கொள்கிறேன், வேறு யாரும் பாராட்டுவதில்லை.) அண்ணாச்சி போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுபது அட்டை தேய்த்தார். பக்கத்து ஃபிளாட் மராத்திக்கார அம்மாள் எட்டிப் பார்த்தார். எல்லோர் கையும் மஞ்சளாக இருப்பதைக் கண்டு, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மஞ்சள் பூசும் ஹல்தி சடங்கை வைத்துவிட்டோம் என்று நினைத்து, தன் வீட்டு மஞ்சளையும் கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டார். வித்யா கன்னத்தில் வேறு கொஞ்சம் பூசினார். அவள் சிரித்துவிட்டாள்.

மஞ்சள் ஏற ஏற அந்தக் கத்தரிக்காய் எழுத்து அரக்காகத் தெரியத் தொடங்கியது. நான் திரையில் பார்த்த அதே பத்திரிகை. ஒரு புள்ளிகூட மாறவில்லை. கட்டில், சோபா, இரண்டு வீட்டு பால்கனி என்று எங்கும் காயவைத்து எடுத்தோம். மாலை மாமா இருநூறையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வண்டி ஏறினார். கம்பார்ட்மென்ட் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை என்று அடுத்த நாள் போன் செய்தார். அண்ணாச்சி அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கையோடுதான் சர்ச்சுக்குப் போனாராம்.

இப்போது டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் எதையும் தொடுவதில்லை. ஆனாலும் புடவையோ சினிமாவோ, நன்றாக இருக்கிறது என்று நான் எதைச் சொன்னாலும், "மஞ்சளை அணைச்சுட்டுப் பாத்தியா?" என்று வீட்டில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. கேட்கட்டும். அன்று அந்த மாமி தரையில் உட்காராமல் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தால், இந்தக் கேலியைச் செய்ய வீட்டில் யாருக்கு மனசு இருந்திருக்கும்? நான் அவருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்த போதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

போன மாதம் அவரே போன் செய்தார். இரண்டாவது பையனுக்கு நிச்சயமாகியிருக்கிறது. அப்பாவைப்போல நானும் எழுந்து நின்றுதான் பேசினேன்.

"பத்திரிகையை நீயே பண்ணிடு உமா" என்றார். "அண்ணாச்சிகிட்ட சொல்லி வெள்ளையாவே அடிக்கச் சொல்லு. ஞாயித்துக்கிழமை எல்லாருமா உக்காந்து தேய்ச்சுடலாம்."