நான் காயவைத்த படகு

அழுக்கைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போன வீட்டில்கூட, சாப்பிட்டு முடித்ததும் அவர்களுடைய சிங்க்கைத் தேய்த்துவிட்டு வருகிற ரகம் நான். (அந்த வீட்டுக்காரிகள் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடுவதில்லை என்பது வேறு விஷயம்.) இந்த குணத்தால் எங்கள் குடும்பத்தின் மிக மரியாதைக்குரிய ஒருவரை ஏரியில் முக்கி எடுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆவடியில் எங்கள் பிளாட்டுக்கு எதிரே ஒரு ஏரி. சுற்றிக் குடியிருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து கரையில் தகரக் கொட்டகை போட்டு, பழவேற்காட்டுப் பக்கமிருந்து இரண்டு பழைய மரப்படகுகளைக் கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் துடுப்பு வலிக்க இலவச வகுப்பு. கற்றுக்கொடுப்பவள் ரேவதி. ஏரிக்கரை ஊர்ப் பெண், இருபத்து நாலு வயது, மற்ற நாட்களில் கூரியர் ஆபீஸில் வேலை. எனக்கு நாற்பத்து மூன்று. ஐடி கம்பெனியில் எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் பயந்து நடுங்குகிறார்கள். ரேவதிக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

"இன்னாக்கா, பஸ்ல ஜன்னல் சீட்டு புட்ச்ச மாறி குந்திகினு கீறே? போற பக்கம் முதுவக் காட்டிக் குந்து," என்றாள் முதல் நாளே.

"அப்ப எங்க போறேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அத்த நான் பாத்துக்கறேன். நீ வலி."

மூன்று வாரத்தில் படகை நேராக ஓட்டக் கற்றுக்கொண்டேன். திருப்புவது நாலாவது வாரப் பாடம். ஆனால் நேராகப் போகத் தெரிந்ததே மதுரைக்கு போன் போட எனக்குப் போதுமாக இருந்தது.

மதுரையில் இருப்பவர் என் கணவர் செந்திலின் அக்கா, பரமேஸ்வரி மதினி. பள்ளித் தலைமையாசிரியை. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்துவிடாதா என்று நான் ஏங்கியது எனக்குத்தான் தெரியும். என் சாம்பாருக்கு "ம்". என் பதவி உயர்வுக்கும் "ம்". ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய முதல் நாளே நான் அபார்ட்மெண்ட் கேட்டில் மோதிய செய்தி போனபோது மட்டும் முழு வாக்கியம் வந்தது: "கலைக்கு வண்டி வாகனமெல்லாம் சரிப்படாது."

அவர் கோடை விடுமுறைக்கு வருவதாகச் சொன்னதும், "வாங்க மதினி, ஏரியில உங்கள உக்காரவச்சு நானே படகு ஓட்டுறேன்" என்று அடித்துவிட்டேன்.

"நீயா?" என்றார்.

அவர் வருவதற்கு முந்தின ஞாயிறு வகுப்பு இல்லை. அக்காவுக்கு வளைகாப்பு என்று ரேவதி ஒரு வாரம் லீவு போட்டு வேப்பம்பட்டுக்குப் போயிருந்தாள். ஏரிப்பக்கம் போய்ப் பார்த்தால், பெரிய படகு கரையோரத்தில் பாதி மூழ்கிக் கிடந்தது. உள்ளே நிறைய தண்ணீர், அதன்மேல் பாசி, குப்பென்று ஒரு நாற்றம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொதுச் சொத்தென்றால் இப்படியா போட்டுவைப்பது? இதில் தலைமையாசிரியையை எப்படி உட்காரவைப்பது?

செந்திலையும் வாட்ச்மேனையும் விட்டுப் படகைக் கரையேற்றினேன்.

"ரேவதிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டியா?" என்றார் செந்தில்.

"அழுக்கைத் தேய்க்கிறதுக்குப் பர்மிஷன் வேணுமா?"

பாத்திரம் தேய்க்கிற லிக்விட் மூன்று பாட்டில் தீர்ந்தது. கழுவிக் கவிழ்த்து, கத்திரி வெயிலில் ஒரு வாரம் காயப்போட்டேன். சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. நன்றாகக் காய்ந்துவிட்டது என்று திருப்தியாக இருந்தது. (பொறியியல் பட்டதாரி நான். முதல் வகுப்பு.) படகுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

ஞாயிறு காலை மதினி கஞ்சி போட்ட காட்டன் புடவைக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, மடியில் புளியோதரை டப்பாவுடன் ஏறி உட்கார்ந்தார். ரேவதி ஏழு மணிக்குத்தான் வருவாள். வெயில் ஏறுவதற்குள் போய்வரலாம் என்று மதினி அவசரப்படுத்தியதால் ஆறரைக்கே கிளம்பிவிட்டோம். செந்தில் கரையில் நின்று வீடியோ எடுத்தார்.

படகு வழுக்கிக்கொண்டு போனது. இருபது தடவை வலித்திருப்பேன். மதினி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இளகுவது போலிருந்தது. பதினாறு வருஷம் காத்திருந்தது வந்துவிட்டது என்று இன்னும் வேகமாக வலித்தேன்.

"கலை," என்றார்.

"சொல்லுங்க மதினி."

"கால் நனையுது."

"ஏரின்னா கொஞ்சம் தெறிக்கும் மதினி."

"தெறிக்கல. ஊறுது."

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பலகை இடுக்கிலும் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. அதே நேரம் கரையிலிருந்து, அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்ட ரேவதியின் குரல்.

"யக்கா, அந்த போட்ட யாருக்கா மேல எட்த்தது?"

"நான்தாம்மா. கழுவிக் காயவச்சிருக்கேன்." சொல்லும்போது எனக்கு இன்னும் பெருமைதான்.

"காயவச்சியா? மரம் ஊறட்டும்னுதானேக்கா தண்ணிய ஊத்தி முக்கி வச்சேன். காஞ்சா பலக சுருங்கி ஓட்ட உட்டுக்கும். திரும்பு, கரைக்கு வா."

"திருப்புறது அடுத்த பாடம்லம்மா."

மதினி புளியோதரையைப் பலகைமேல் கொட்டிவிட்டு, அந்த டப்பாவால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்ற ஆரம்பித்தார். நான் திரும்பத் தெரியாமல் இன்னும் ஆழமான பக்கமாகவே வலித்துக்கொண்டிருந்தேன். படகு அலட்டிக்கொள்ளாமல் மெல்ல அமிழ்ந்தது. நான் அலறிக்கொண்டு மதினியின் கையைப் பிடித்தேன்.

"கத்தாதேக்கா, எந்திரிச்சி நில்லு. இட்ப்பளவுதான் கீது," என்றாள் ரேவதி.

நின்றோம். இடுப்பளவுதான் இருந்தது. புளியோதரையைக் கெண்டைகள் ஒரு பருக்கை விடாமல் முடித்தன. மதினி காலி டப்பாவைத் தலைக்குமேல் பிடித்தபடி நடந்து கரையேறினார். மறுநாள் ரயில் ஏறும்வரை ஏரி என்ற சொல்லையே எடுக்கவில்லை. எனக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு ரேவதி என் கையில் வாளியைக் கொடுத்து, "காய வச்சவங்கதான் ஊற வெக்கணும்" என்று படகு நிறையத் தண்ணீர் ஊற்றவைத்தாள்.

நாலு மாதம் கழித்து மதுரையில் ஒரு உறவுக்காரர் கல்யாணம். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தால், பக்கத்து வரிசையில் மதினியின் குரல். ஏரிக் கதைதான். தண்ணீர் அதற்குள் கழுத்துவரை ஏறியிருந்தது. நான் இலையை விட்டு எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

"படகு முங்குது. யாரா இருந்தாலும் தன் உசுரத்தானே பாப்பாக," என்றார் மதினி. "எங்க கலை மொத வேலையா என் கையத்தான் புடிச்சா. கரை சேருற வரைக்கும் விடல. இவ்வளவு நாளா இவளப் போயி நான் சரியாப் புரிஞ்சுக்கிடலையேன்னு இருந்துச்சு."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நீச்சல் தெரியாது. கைக்கு எது கிடைத்திருந்தாலும் அதைப் பிடித்திருப்பேன். மதினி பக்கத்தில் இருந்தார், பிடித்தேன்.

இது தெரிந்த ஒரே ஆள் செந்தில். இப்போதெல்லாம் எந்த விசேஷத்திலும் மதினி இந்தக் கதையை எடுத்தால், அவர் என் பக்கம் சாய்ந்து, "வீடியோ இன்னும் போன்லதான் இருக்கு, போட்டுக் காட்டவா?" என்பார். நான் என் பாயசத்தை அவர் இலையில் ஊற்றிவிடுவேன்.