நெல்லுக்குக் கிடைத்த விடுதலை

கடலோரத்து நெடுங்கரை நாட்டில் விளைவித்தவர்கள் பட்டினி கிடப்பதும் விளைந்தது கப்பலேறுவதும் வழக்கமாகிப்போயிருந்தன. பொறுத்துப் பார்த்த சிலம்பாயி, அரை ஏக்கர்க்காரி, ஊராரைத் திரட்டிக்கொண்டு அரண்மனை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். எதை விதைப்பது, எதை உண்பது என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்றுதான் கேட்டார்கள். பதாகையில் இடம் போதாமல் ‘உணவுக்கு விடுதலை’ என்று சுருக்கி எழுதியிருந்தார்கள்.

அரசர் படித்தார். கண் கலங்கினார். அன்றே ஆணை பிறந்தது: நெல் இனிச் சுதந்திரப் பிரஜை. அதைப் பானையில் அடைப்பது சிறைவைத்த குற்றம். உலையில் போடுவது கொலை. அரண்மனை உலையில் மட்டும் நெல் தானாகவே விரும்பிக் குதிப்பதாக உணவு அமைச்சர் தர்மசீலர் விளக்கினார். கப்பலில் ஏறும் மூட்டைகள் சிறையல்ல, சுற்றுலா என்றார்.

காவலர்கள் வந்து சிலம்பாயியின் நெல்பானைகளை உடைத்து நெல்லை விடுவித்தார்கள். சிதறியதில் ஒரு பிடியை அவள் மகள் பொத்தி வைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன விரல்களைப் பிரித்து, நெல்லை வாங்கிக் காவலரிடம் கொடுத்தாள் சிலம்பாயி.

மழைக்காலம் வந்தது. அரசாங்கமே விதைநெல் இறக்கியும் யாரும் விதைக்கவில்லை. அமைச்சர் பரிவாரத்தோடு வயலுக்கு வந்து காரணம் கேட்டார்.

“விதைகிட்ட கேட்டுப் பாத்தேங்கய்யா. மண்ணுக்குள்ள போக இஷ்டமில்லைங்குது. சுதந்திரமான நெல்ல நான் எப்பிடி வற்புறுத்துறது?” என்றாள் சிலம்பாயி.

சட்டப்படி அது சரிதான். அமைச்சர் சேற்றில் மண்டியிட்டு, “மாண்புமிகு நெல்லே, முளைக்குமாறு அரசு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறது” என்றார். அதிகாரிகளும் மண்டியிட்டுப் பதிலுக்காகக் காது கொடுத்தார்கள். நெல் வாய் திறக்கவில்லை. ஊர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு அது.

மத்தியானத்தில் அவித்த கிழங்கின் வாசனை வந்தது. காட்டில் தோண்டிய அந்தக் கிழங்குதான் ஊரின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அதிகாரிகள் எவருக்கும் அது உணவென்று தெரியாது. மறைத்துவிடலாமா என்று சிலம்பாயி யோசித்தாள். பசியில் சுருண்டிருந்த அமைச்சரைப் பார்க்க மனம் கேட்கவில்லை. ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

“இது உணவா?” என்றார் அமைச்சர்.

“வெறும் வேருங்கய்யா.”

அவர் உப்புத் தொட்டு நிறையத் தின்றார். ஏப்பம் விட்டார். வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

மறுநாள் கிழங்குக்கும் விடுதலை அறிவிக்கப்பட்டது. விழாவில் நன்றியுரை சொல்லச் சிலம்பாயியை அழைத்திருந்தார்கள்.