நாணல் ஒதுக்கத்தில் மீன் இல்லை என்று போடவும்

'டாமராக் வார மடல்' ஆசிரியர், மதிப்பிற்குரிய திருமதி ஹார்ரியட் ஓஸ்ட்பி அம்மா அவர்களுக்கு, ஏரிமுனை தூண்டில் இரைக்கடை கஸ் வோய்ட்டாவின் மகள் மர்லா வணக்கத்துடன் எழுதுவது.

தாங்களும் தங்கள் கணவரும், அலுவலக வாசலில் படுத்திருக்கும் அந்தப் பெரிய பூனையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலமாக இல்லை. குளிர்பெட்டியில் இருக்கும் மண்புழுக்கள் மட்டும் நலம். அவற்றுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பேசியும் பழக்கமில்லை. வகுப்புக்கு முன்னால் நின்று ஏதாவது ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என்று டீச்சர் சொன்ன அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. அப்பா திட்டவில்லை. "சரி, கடையில நில்லு. வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை பேசு. பேச்சு தானா வரும்" என்றார். பேச்சு வந்துவிட்டது அம்மா. அதனால்தான் எழுதுகிறேன்.

வாராவாரம் செவ்வாய்க்கிழமை நீங்கள் எங்கள் கடைக்குப் போன் செய்து ஏரியில் மீன் எங்கே கடிக்கிறது என்று கேட்பீர்கள். நான் பிறந்ததிலிருந்து அப்பா ஒரே பதிலைத்தான் சொல்லிவந்திருக்கிறார். "சுமாரா இருக்கு. பொறுமை வேணும். காத்து திரும்பினா பாக்கலாம்." நீங்கள் அதை அப்படியே போடுவீர்கள், ஊரே படிக்கும், ஒருவரும் நம்ப மாட்டார்கள், எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். போன மாதக் கடைசிச் செவ்வாயன்று அப்பா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனார். போகும்போது, "ஹார்ரியட் கூப்பிட்டா நான் சொல்றதையே சொல்லிடு" என்றார். காலையிலிருந்து இரைமீன் தொட்டிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். சுமாரா இருக்கு, பொறுமை வேணும். நன்றாக வந்தது. ஆனால் நான் போனை எடுத்ததும் நீங்கள், "யாரு, மர்லாவா? எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டீர்கள். அது ஒத்திகையில் இல்லை. கேட்டதும் எல்லாம் மறந்துபோனது. பொய் சொல்ல யோசிக்க வேண்டும், பயம் வந்தால் எனக்கு யோசனை வராது, உண்மைக்கு யோசனை தேவையில்லை, அது ஏற்கெனவே நாக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து நீங்கள், "வறுக்கிற மீனு எங்கம்மா கடிக்குது?" என்றீர்கள். தண்ணீர் சூடேறிவிட்டது, புளூகில் மீன்கள் எல்லாம் முட்டையிடக் கரைக்கு வந்துவிட்டன, ஆர்வில் மாமா வீட்டு மரப் படகுத்துறைக்குப் பின்னால் நாணல் முடிகிற ஒதுக்கத்தில் முழங்கால் ஆழத்தில் தட்டுத் தட்டாகக் குழி பறித்து வைத்திருக்கின்றன, சின்ன முள்ளில் பாதிப் புழுவைக் கிள்ளிப் போட்டுத் தக்கையை ஒரு முழத்தில் நிறுத்தினால் போதும், சூரியன் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் உள்ளங்கையை விட அகலமானவை வரும், அப்பாவும் ஆர்வில் மாமாவும் அங்கேதான் பிடிப்பார்கள், ஆர்வில் மாமா வெறும் பனியனோடு உட்கார்ந்திருப்பார், ஏரியிலேயே பெரிய பாஸ் மீன் தேவாலயத்து நீச்சல் மிதவைக்கு அடியில் குடியிருக்கிறது, அதற்குத் தவளை மாதிரி செய்த பொய் இரை என்றால் உயிர் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் 'ம்ம், ம்ம்' என்றீர்கள். பனியனையும் போட்டுவிட்டீர்கள்.

வியாழக்கிழமை இதழ் வந்தது. வெள்ளிக்கிழமை ஊர் சிரித்தது. சனிக்கிழமை பக்கத்து மாநிலமான இல்லினாயே வந்தது.

படகு இறக்கும் சரிவிலிருந்து பாலாடைக்கட்டிக் கடை வரைக்கும் வண்டிகள் நின்றன. வரிசையில் முதலில் நின்றவர் புதுப் படகு வாங்கியவர், அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைக்க மறந்து இறக்கிவிட்டார், படகு அவர் கண்ணெதிரிலேயே மரியாதையாக மூழ்கியது, பின்னால் நின்ற அத்தனை பேரும் இறங்கி வந்து அவருக்கு யோசனை சொன்னார்கள், ஒருவரும் கை கொடுக்கவில்லை. நாணல் ஒதுக்கத்தில் படகோடு படகு உரசிக்கொண்டு கிடந்ததால் கால் நனையாமல் அக்கரைக்கு நடந்தே போயிருக்கலாம். மறுநாள் ஏரிக்கரை ஆராதனையில் போதகர் அமைதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், மிதவையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர் தூண்டிலைப் பின்னால் ஓங்கி வீசியதில் முள் போதகரின் அங்கியில் மாட்டிக்கொண்டது, அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாட்டிடுச்சுடா, பெருசு, வலையை எடு" என்று இழுத்தார். போதகர் கொஞ்ச தூரம் போனார்.

கடைக்கு வந்தவர்கள் அப்பாவைத் தேடவில்லை. "அந்த உண்மை சொல்ற பொண்ணு எங்க?" என்றுதான் கேட்டார்கள். நான் இரைமீன் தொட்டி அறைக்குள் ஒளிந்துகொண்டேன். அங்கேயும் வந்துவிட்டார்கள். ஒருவர் தங்க நிறப் பொய் இரை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "பாப்பா, இது வேலை செய்யுமா?" என்றார். "அது மனுஷங்களைப் பிடிக்கிறதுக்காகச் செஞ்சது. மீனு கண்டுக்காது" என்றேன். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த ஆள் சிரித்துவிட்டு அதிலேயே இரண்டு வாங்கிப் போனார். இல்லினாய்க்காரர்களை எனக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை 'ஏரி மீன் வறுவல்' போடும் உணவுவிடுதி பெர்னடீன் அக்கா மட்டும் என்னை ஓரமாக அழைத்துப்போய், "கண்ணு, எங்க மீனு எந்த லாரியில உறைஞ்சு வருதுன்னு யாராவது கேட்டா, உனக்குத் தலைவலின்னு சொல்லிட்டுப் போயிடு. என்ன?" என்றார். எனக்கு அந்த லாரி தெரியும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் நான் வெளியே போவதில்லை.

இதெல்லாம் போகட்டும் அம்மா. என் நெஞ்சை அடைப்பது வேறு.

ஆர்வில் மாமா தினமும் காலையில் எங்கள் கடைக்கு வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, எங்கள் காபியைக் குடித்துக்கொண்டே அதைக் குறை சொல்வார். அந்த வியாழக்கிழமையிலிருந்து வரவில்லை. வாளி கவிழ்ந்தபடியே கிடக்கிறது. தபால் நிலையத்தில் ஒருநாள் எதிரே வந்தார். நான் கம்பத்துக்குப் பின்னால் போவதற்குள், "பொண்ணு, நான் செத்தா என்னை எங்க புதைக்கணும்னு உங்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன். பேப்பர்ல வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு தன் மரத்துறையில் 'இங்கே மீன் கிடையாது, போய்விடுங்கள்' என்று பெரிய பலகை ஒன்றை நட்டார். அதைப் படித்த இல்லினாய்க்காரர் ஒருவர், "மீனு இல்லாத எடத்துக்கு எவனாவது போர்டு வைப்பானா?" என்று நங்கூரத்தை இறக்கினார். அப்பாவோ இதழ் வந்த அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் இரண்டு நாள் பல் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் கையைக் காட்டுகிறார், தலையை ஆட்டுகிறார், ஜன்னல் வழியாக ஏரியைப் பார்க்கிறார். ஒரு மனிதர் தன் மகளிடம் பேசவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் இப்படித்தான் இருப்பார் போலிருக்கிறது.

எல்லாவற்றையும் விட மோசமானது அந்தக் குழிகள். முட்டையிட்ட பிறகு பெண்மீன் போய்விடும். ஆண்மீன்தான் குழிக்கு மேலே நின்று வாலால் விசிறிக்கொண்டு காவல் காக்கும். எது கிட்டே வந்தாலும் வாயால் கவ்வித் தூக்கி வெளியே எறியப் பார்க்கும். பசியில்லை, காவல். அதனால் எது நல்ல அப்பாவோ அதுதான் முதலில் தூண்டிலில் மாட்டும். பெரிய மீன்கள் போய்விட்டால் பொடி மீன்கள் முட்டையைத் தின்னும், பிறகு வருஷக்கணக்கில் பொடிகள்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். தினமும் சாயங்காலம் துடுப்புப் படகில் போய்ப் பார்க்கிறேன். சீட்டுக்கட்டு அளவில்தான் வருகின்றன. "பெருசெல்லாம் எங்கடா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். எங்கே என்று எனக்குத் தெரியும். முதல் சனிக்கிழமை வாளிகளில் போய்விட்டன. மிச்சத்தையாவது விடுங்கள் என்று சொல்லத்தான் போகிறேன். வாய் திறப்பதில்லை. கேட்காததையும் சேர்த்து அத்தனையும் சொன்ன வாய், சொல்ல வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொள்கிறது. குழிகளுக்கு நேர் மேலே என் படகை நிறுத்தி உட்கார்ந்துகொள்கிறேன். இந்தப் பெண் நிற்கிறாள், இதுதான் இடம் என்று இன்னும் நாலு படகு வருகிறது.

சின்ன வயதிலிருந்து அப்பா என்னை அந்த ஒதுக்கத்துக்கு அழைத்துப் போவார். ஒரு பெரிய மீன்கூட எனக்கு மாட்டியதில்லை. "உன் கூச்சம் நூல் வழியா எறங்கி மீனுக்கும் ஒட்டிக்குது" என்று சிரிப்பார். என்றைக்காவது என் கூச்சம் போகும், அன்றைக்கு ஒன்றைப் பிடித்து அப்பாவிடம் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். இனி கூச்சம் போனாலும் மீன் இல்லை.

ஆகையால் தங்களைக் கெஞ்சிக் கேட்பது என்னவென்றால், அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட வேண்டும். நானே எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் 'நாணல் ஒதுக்கத்தில் மீன் இல்லை' என்று எழுதினேன். மனது கேட்காமல், 'சூரியன் இறங்குவதற்கு முன்பு' என்று சேர்த்துவிட்டேன். அதைக் கிழித்துவிட்டு, 'புளூகில் எல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டன' என்று எழுதினேன். எந்த ஆழத்துக்கு என்று கேட்பார்களே என்று அதையும் எழுதினேன். மூன்றாவதில் ஆர்வில் மாமாவின் பனியன் மறுபடியும் வந்துவிட்டது. என்னால் முடியாது அம்மா. தாங்கள் படித்தவர், பத்திரிகை நடத்துகிறவர், தங்களுக்குச் சுலபமாக வரும். 'சுமாராக இருக்கிறது, பொறுமை வேண்டும்' என்று போட்டாலும் போதும்.

தங்கள் இதழ் மழையில் நனையாமல் எல்லா வீட்டு வாசலுக்கும் போய்ச் சேரட்டும். பூனைக்கு நல்ல மீன் கிடைக்கட்டும், எங்கே என்று நான் சொல்ல மாட்டேன். தங்கள் கணவருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மர்லா வோய்ட்டா

பின்குறிப்பு: நேற்று இதைக் கவுண்டரில் வைத்துவிட்டு உறை தேடப் போனேன். திரும்பி வந்தால் அப்பா படித்துக்கொண்டிருந்தார். "இதுக்காகவா இத்தனை நாளா தொட்டி அறையில அழுதுட்டிருந்தே?" என்றார். வாய் கோணியிருந்தது.

"நீங்க பேசலையே."

"புடுங்கின எடத்துல சீழ் வெச்சிருக்கு. நான் எதைக்கொண்டு பேசுறது?"

பிறகு ஆர்வில் மாமாவுக்குப் போன் போட்டார். மாமா வாளியோடு வந்தார். உள்ளே புளூகில்கள், ஒவ்வொன்றும் என் இரண்டு கையும் சேர்ந்த அகலம். இவ்வளவு பெரியவற்றை நான் இதுவரை உயிரோடு பார்த்ததில்லை. எங்கே பிடித்தது என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாணல் ஒதுக்கத்துல பெருசு எப்பவுமே கிடையாது, பொண்ணு" என்றார் ஆர்வில் மாமா. "எங்க அப்பா காலத்துலயும் பொடிசுங்கதான்."

"அப்ப என்னை ஏன் அங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"உனக்குப் பொய் வராதுன்னு நீ குழந்தையா இருக்கும்போதே தெரியும்" என்றார் அப்பா. "அதான் உனக்கே பொய்யான எடத்தைக் காட்டி வளத்தோம். என்னைக்காவது உதவும்னு."

ஆர்வில் மாமா எங்கள் காபியைக் குடித்து, கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார். "இந்த மாதிரி ஒரு ஜூன் மாசம் எனக்கு வாய்ச்சதே இல்ல. மொத்த இல்லினாயும் எங்க வீட்டுக்குப் பின்னாடி நிக்குது. நான் நிஜமான எடத்துல ஒண்டியா ராஜா மாதிரி உட்காந்திருக்கேன். காபி குடிக்க வர நேரம் ஏது?"

"அந்தப் பலகை?"

"கூட்டம் கொறையுற மாதிரி தெரிஞ்சுது. அதான் நட்டேன்."

ஆகவே மேலே எழுதிய எதையும் போட வேண்டாம். நாணல் ஒதுக்கத்தில் மீன் உண்டு என்றே இருக்கட்டும், பொடிகள் உண்டு. அங்கே பெரியவை இல்லை என்பதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போதுதான் தோன்றுகிறது.

ஆனால் அம்மா, இதோடு முடியவில்லை. நான் அழுத காரணத்தைப் படித்த அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் என்னைப் படகில் ஏற்றி, உண்மையான இடத்துக்கே அழைத்துப் போய்விட்டார். என் தக்கை அமிழ்ந்தது. ஒரு பெரிய மீன், நெஞ்சுப் பக்கமெல்லாம் செம்பு நிறம். அப்பாவிடம் காட்டினேன். குழிக்கு மேலேயே மெதுவாக விட்டோம், வாலை விசிறிக்கொண்டு காவலுக்குப் போய்விட்டது. கூடவே வந்திருந்த ஆர்வில் மாமா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு, "கஸ், தப்புப் பண்ணிட்டியேடா" என்றார்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. அப்பா சீழ் எடுக்கப் பல் டாக்டரிடம் போகிறார். கடையில் நான் மட்டும்தான் இருப்பேன். தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது என்பதால் இதைத் தங்கள் அலுவலகக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன், தட்ட மாட்டேன். தயவுசெய்து நாளை போன் செய்யாதீர்கள். செய்துதான் ஆக வேண்டும் என்றால், எப்படிம்மா இருக்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.