லிஃப்ட் கதவில் ஒட்டிய ஆரோக்கியம்

வினிபெக்,
பிப்ரவரி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ரோக்ஸான் அக்காவுக்கு,

தங்கை நடீன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் சுகாதார மேம்பாட்டுத் துறையின் கணக்குப்படி, விருது வாங்கும் அளவுக்கு நலம். நீயும் அத்தானும் மூட்டுவலி இல்லாமல், முடிந்தால் தரைத்தளத்திலேயே, சுகமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் கட்டடத்தை 'ஆரோக்கிய இல்லம்' திட்டத்தில் சேர்த்துவிட்டவள் நீ. எப்படிப் போகிறது, ஒளிக்காமல் எழுது என்று கிறிஸ்துமஸ் அட்டையில் கேட்டிருந்தாய். ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு, எங்கள் லிஃப்டைச் சரிசெய்ய உன் துறையால் ஏதாவது ஆகுமா என்று பார்.

நவம்பர் கடைசியில் லிஃப்ட் நின்றது. மேனேஜர் டுவேன் அதன் கதவில் 'பழுது. உதிரிபாகம் வந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு தாளை ஒட்டினார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "வெளிநாட்டுலேருந்து வரணும் மேடம், நம்ம கையிலயா இருக்கு?" என்றார். அந்த வாரமே உன் துறையிலிருந்து கிர்ஸ்டன் என்ற இளம்பெண் வந்து, படிக்கட்டு முழுக்கப் பச்சை நிறக் காலடிகளை ஒட்டினாள், படிக்கட்டுக் கதவில் ஆட்களை எண்ணும் ஒரு கருவியை வைத்தாள், 'லிஃப்ட் வேண்டாம், படி ஏறுங்கள், இதயம் நன்றி சொல்லும்' என்ற பெரிய போஸ்டரை எங்கே ஒட்டுவது என்று டுவேனிடம் கேட்டாள். டுவேன் ஒரு நொடி யோசித்து லிஃப்ட் கதவைக் காட்டினார். போஸ்டர் அவருடைய தாளைக் கச்சிதமாக மூடிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் லிஃப்ட் பழுதான லிஃப்ட் இல்லை, நாங்கள் மனமுவந்து துறந்த லிஃப்ட். எப்போது ஓடும் என்று கேட்டால் டுவேன் எங்கள் கொலஸ்ட்ரால் பற்றி விசாரிக்கிறார். வெளியே மைனஸ் முப்பது, படிக்கட்டில் ஹீட்டர் கிடையாது, பூட்ஸில் வந்த பனி பச்சைக் காலடிகளின் மேல் உருகி மறுபடி உறைகிறது, கையில் மளிகைப் பை. அதற்கும் அவரிடம் பதில் இருக்கிறது. "பையைத் தூக்கிட்டு ஏறுனா கைக்கும் சேர்த்துப் பயிற்சி மேடம். இதுக்கு ஜிம்ல காசு வாங்குறான்."

நான் இருப்பது இரண்டாவது மாடி. எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒன்பதாவது மாடியில் லோர்னா ஷார்ட்ரான் இருக்கிறாள். எழுபதைத் தாண்டியவள், நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. இறங்கிவிடுவாள், ஏற முடியாது. லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அவள் கீழே வரவில்லை. நர்ஸ் வீட்டுக்கே வந்துவிடுகிறாள், ரொட்டியும் பாலும் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஆனால் வியாழன் மதியம் தெருமுனைக் கூடத்தில் எண் கூப்பிட்டு ஆடும் பிங்கோவை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? அவளுக்கு இருக்கும் மனிதர்கள் எல்லோரும் அந்தக் கூடத்தில்தான். வியாழன்தோறும் மதியம் கோட்டைப் போட்டுக்கொண்டு, பிங்கோ சீட்டில் குத்தும் ஊதா மைக்குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து கூடத்துக்குள் போகிறவர்களைப் பார்ப்பாள். நான் அக்கம்பக்கத்தில் ஒட்டிப் பழகுகிறவள் இல்லை என்பது உனக்கே தெரியும். பாலை வைத்துவிட்டுத் திரும்பிவிடத்தான் பார்ப்பேன். ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவளிடம் கிளம்புகிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஜனவரியில் கிர்ஸ்டன் கணக்கெடுக்க வந்தாள். கீழே துணி துவைக்கும் அறையில் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தாள். எனக்கு அதிகம் என்றாள். கீழே வராத லோர்னாவைப் பார்க்க அவளை நான்தான் மேலே கூட்டிப் போனேன். ஒன்பதாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணால் தன் பெயரைச் சொல்ல முடியவில்லை.

"உக்காரு கண்ணு. பேசாத. முதல்ல மூச்சு வரட்டும்" என்று லோர்னா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "என் பம்ப்பு வேணுமா? ரெண்டு இழுப்பு இழுத்துக்க."

மூச்சு வந்ததும் கிர்ஸ்டன் விளக்கினாள். நோய் என்பது உடம்பில் மட்டும் இல்லையாம். வருமானம், வீடு, வேலை, சுற்றியிருக்கிற மனிதர்கள் எல்லாம் சேர்ந்துதான் ஒருவரின் ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கின்றனவாம். ஒரு வார்த்தை பொய்யில்லை, அக்கா. என் பல்கலைக்கழகத்தில் இதே விஷயத்தில் வரும் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பிழை திருத்தித்தான் நான் வயிறு வளர்க்கிறேன்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றாள் லோர்னா. "வீடு சரியில்ல. லிஃப்ட் இல்ல. நீ சரி பண்றியா?"

"அது எங்க துறையில வராதுங்க. அது வீட்டு வசதித் துறை."

"பின்ன உங்க துறையில என்னதான் வரும்?"

கிர்ஸ்டன் பாவம், முகம் சிவந்துவிட்டது. "விழிப்புணர்வு" என்றாள். பிறகு 'தனிமை: மிகுந்த ஆபத்து' என்று குறித்துக்கொண்டு, 'வெளியே வாருங்கள், நண்பர்களைச் சந்தியுங்கள்' என்று அச்சடித்த காந்த வில்லை ஒன்றை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் நகரத்திலேயே மிகச் சுறுசுறுப்பான கட்டடம் என்று எங்களுக்கு விருது அறிவித்தீர்கள். கருவி பொய் சொல்லாது. இந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட லிஃப்டைத் தொடவில்லை. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். உங்கள் அலுவலகத்துக்கு மிகப் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இந்தக் குளிர்காலம் முழுவதும் ஒருமுறைகூட லிஃப்டில் ஏறாத முன்மாதிரி ஒருவர் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார், விழாவை அவர் வீட்டிலேயே வைக்கலாமே என்று. பிரமாதமான யோசனை, எங்கள் பெரிய அதிகாரியே நேரில் வருகிறார் என்று பதில் வந்தது. அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது என்று கடைசி வரியில் இருந்தது. அதை டுவேனுக்கும் அனுப்பிவைத்தேன். கடல் கடந்து வரவேண்டிய உதிரிபாகம் மறுநாள் காலை ஊரின் மேற்குக் கோடியிலிருந்து ஒரு வேனில் வந்துவிட்டது.

விழா சென்ற வார வியாழன் மதியம். ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்தார்கள். நான் நம் அம்மா செய்வதுபோல உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை செய்திருந்தேன். உன் மேலதிகாரி லிஃப்டில் வந்து இறங்கி, ஒரு பெரோகியை விழுங்கிவிட்டு, படிக்கட்டின் பெருமையைப் பேச ஆரம்பித்தார். லோர்னா கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். குளிருகிறது போலிருக்கிறது என்று கிர்ஸ்டன் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். இதயம், தசை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும்போது லோர்னா எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க பேசுங்க, நிறுத்தாதீங்க. கேடயத்தை மேசை மேல வச்சிட்டுப் போங்க. நடீன், வா, முதல் ஆட்டம் ஆரம்பிச்சிருப்பான்."

லிஃப்டில் கீழே போய் வெளியே கால் வைத்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் ஒரு முனகல் முனகி நின்றுபோனது. மொத்த விழாவும் படிக்கட்டு வழியாக இறங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். உன் மேலதிகாரி கிர்ஸ்டனின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாராம். காலடிகள் எல்லாம் மேல்நோக்கித்தானே ஒட்டியிருக்கின்றன! கருவி அவர்களையும் எண்ணி எங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

லோர்னாவுக்கு அன்று பிங்கோவில் ஒரு முழுப் பன்றித் தொடை பரிசு விழுந்தது. திரும்பி வந்தோம். ஒன்பது மாடி. அவள் படிக்கட்டைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். என் இரண்டாவது மாடி வரைக்கும் படிக்குப் படி நின்று ஏறிவிட்டாள். அன்றிலிருந்து என் வீட்டு சோபாவில்தான் படுக்கை. குறட்டை விடுகிறாள். டிவியைச் சத்தமாக வைக்கிறாள். நான் மௌனமாகச் சாப்பிட்டால், "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்கிறாள். பதினைந்து கூட்டிப் புள்ளி எடுக்கும் கிரிபேஜ் சீட்டாட்டத்தில் தினமும் என்னைத் தோற்கடித்துவிட்டு, "இவ்வளவு படிச்சும் பதினஞ்சு வரைக்கும் கூட்டத் தெரியலையே உனக்கு" என்கிறாள். எனவே அக்கா, விழிப்புணர்வு எங்களுக்குப் போதுமான அளவு வந்துவிட்டது. வீட்டு வசதித் துறையில் யாரையாவது தெரிந்தால் சொல்லி, தயவுசெய்து அந்த லிஃப்டை உடனே ஓட வை.

அத்தானுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு, எந்தக் கருவியும் எண்ணாமல், நிம்மதியாக இருக்கப் பிரார்த்திக்கும்,

உன் தங்கை,
நடீன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் டுவேன் வந்து, லிஃப்ட் நிரந்தரமாகச் சரியாகிவிட்டது என்றார். லோர்னா போய்ப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. திரும்பி வந்து கோட்டைக் கழற்றி என் கோட்டின் பக்கத்தில் மாட்டினாள். "அது சத்தமே சரியில்ல. எனக்கு நம்பிக்கையில்ல" என்று சீட்டுக்கட்டைக் கலைக்க ஆரம்பித்தாள். எனக்கும் நம்பிக்கையில்லை என்று சொல்லிவிட்டேன். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு, யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். நேற்று மருந்துக்கடையில் ரத்த அழுத்தம் பார்த்தேன், இறங்கியிருக்கிறது. இது மட்டும் கிர்ஸ்டன் காதுக்குப் போகக் கூடாது. போஸ்டர் அடித்துவிடுவாள்.