வெங்கடபதி வளர்த்த சீமை அத்தி

தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்று சொன்னவர் வெங்கடபதியின் கிணற்றடியைப் பார்த்ததில்லை. அவர் விதைத்தது சீமை அத்தி. ஒரு முழம் வளர்ந்து நின்றதோ வேறு ஏதோ.

"இலை நுனி வாலாட்டம் நீண்டிருக்குது பாருங்க. அரச மரமேதானுங்க," என்றாள் மனைவி ராமாமணி.

பீளமேட்டில் மில் குமாஸ்தாவான வெங்கடபதி, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய உலர்ந்த அத்திப்பழத்தைப் பிசைந்து, கடுகிலும் சிறிய விதைகளைக் கழுவியெடுத்துப் பாத்தியில் தூவியிருந்தார். ஒன்றும் முளைக்கவில்லை. எரு கொடுத்து உதவியவர் வீட்டுக்காரர் காளிச்சாமி. காலி செய்யச் சொல்லிப் போட்ட வழக்கில் தோற்ற கையோடு, வண்டி நிறைய எரு அனுப்பினார். வண்டிக்காரன் செங்கோடனே பாத்தியில் கொட்டிக் கிளறிவிட்டுப் போனான். அடுத்த வாரமே ஒரு பச்சை தலைகாட்டியது. வழக்கு வேறு, மனுசன் வேறு என்று வெங்கடபதி நெகிழ்ந்துபோனார்.

இப்போது வெங்கடபதி கிணற்றடிச் சுவரைத் தடவிப் பார்த்தார். வீட்டுக்குச் சேதம் இல்லை என்பதால்தான் கோர்ட் அவரை இருக்கவிட்டது. அரச வேர் சுவரைப் பிளந்தால் பத்து வருஷம் வாழ்ந்த வீடு போச்சு.

"புடுங்கிப்போடறேன்."

"அரசைப் புடுங்குனா வமிசம் வெளங்காதுங்க. உங்க கை அதும்மேல பட்டுதுன்னா நான் மேட்டுப்பாளையத்துக்கு, எங்கம்மா ஊட்டுக்கே போயிருவேன்."

கை படக்கூடாது, அவ்வளவுதானே? உடைந்த ஆட்டுக்கல்லின் குழவியை உருட்டிவந்து கன்றின் மேல் சாய்த்தார். தானாக நசுங்கிச் சாகட்டும்.

மறுநாள் காலை குழவிக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, செம்பருத்தி சாத்தியிருந்தது. கன்று அதன் பின்னாலிருந்து ஜம்மென்று எட்டிப்பார்த்தது. பக்கத்து வீட்டு மாசாணியம்மாள் கும்பிட்டபடி நின்றாள்.

"அரசுக்கடியில புள்ளையாரை வெச்சுப்போட்டீங்களே, இந்த மனசு ஆருக்குங்க வரும்?"

"அது அரசில்லீங்க. சீமைச் சரக்கு."

"சீமை அரசுங்களா?" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது.

கூட்டத்தைத் தடுக்க முள்வேலி போட்டார். சாமிக்கு வேலி கட்டிய புண்ணியவான் என்று பேர் வந்தது. மாசாணியம்மாளின் மருமகள், நாலு வருஷமாகப் பிள்ளையில்லாதவள், வேலியைச் சுற்றினாள். மூன்றாம் வெள்ளிக்கிழமை வாந்தியெடுத்தாள். அப்புறம் கேட்க வேண்டுமா? பொள்ளாச்சியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். புள்ளையார் பார்க்கக் குளிக்கக் கூடாதென்று ராமாமணி கிணற்றடியைப் பூட்டினாள். வெங்கடபதி மில் குழாயில் குளித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காளிச்சாமியே வந்துவிட்டார். வெங்கடபதி சுவரை மறைத்து நின்றார். வந்தவரோ சுவரைப் பார்க்கவேயில்லை. செருப்பைக் கழற்றினார், மூன்று சுற்றுச் சுற்றினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, சாமி குடியிருக்கற எடத்துல நாம குடித்தனம் பண்ணலாமுங்களா? நீங்களே சொல்லுங்க."

"ஆகாதுங்க," என்றது கூட்டம். முதல் குரல் ராமாமணியுடையது.

"கிணத்தடியைப் புள்ளையாருக்கு உட்டுப்போடறேன். ஊட்டுல ஒரு தேங்கா பழக் கடை வெச்சுக்கறேன். பாவம், சனங்க சிரமப்படறாங்க."

கோர்ட் தீர்ப்பைக் காட்டலாம். ஆனால் பிள்ளையாருக்கு எதிராகத் தீர்ப்பைக் காட்டினால் தெருவில் நடமாட முடியுமா? மாதக் கடைசியில் சாமான்களை ஏற்ற, காளிச்சாமி கூலியில்லாமல் வண்டியும் அனுப்பினார். ராமாமணி கற்பூரம் காட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வெங்கடபதிக்கு அழுகை வந்துவிட்டது.

"என் கைராசியைப் பாத்தியா, செங்கோடா? அத்தி வெதைச்சா அரசு மொளைக்குது."

செங்கோடன் கயிற்றை இழுத்துக் கட்டினான்.

"உங்க கைராசி ஆருக்குங்க வரும்? ஊட்டுக்காரப் பண்ணாடி சொல்லி, காலி பண்ணாத நாலு ஊட்டுலயும் எருவோட அரசங்கன்னு ஊனிப்போட்டு வந்தனுங்க. நீங்க வளத்துனது ஒண்ணுதானுங்க பொழச்சுது."