பாத்தித் தண்ணீரில் அணைத்த கரி

நாலு எழுத்து படித்தவன் தவறு செய்யும்போது சும்மா செய்ய மாட்டான். பக்கத்தில் நிற்பவருக்குப் பாடம் நடத்திக்கொண்டே செய்வான். என் அக்கா வீட்டு நாற்றங்காலை நான் சாகடித்ததும் அப்படித்தான்.

அப்போது ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளனாக இருந்தேன். மரக்காணம் பக்கத்து விவசாயிகளிடம் உயிர்க்கரியைக் கொண்டுசேர்ப்பது என் வேலை. விறகைக் குழியில் போட்டு, காற்று அதிகம் படாமல் எரித்து, சாம்பலாகும் முன் தண்ணீர் ஊற்றி அணைத்தால் கரி கிடைக்கும். அதைச் சாணக் கரைசலில் ஊறவைத்து வயலில் கலந்தால் மண் ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்கும். புகையாக வானத்துக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். இதெல்லாம் உண்மை, இன்றைக்கும் நம்புகிறேன். மூன்று நாள் பயிற்சியை வைத்துக்கொண்டு பூமியின் சூட்டை நானே இறக்கிவிடுவேன் என்றும் நம்பினேன் பாருங்கள், கோளாறு அங்கேதான்.

ஒரு விவசாயியும் மசியவில்லை. (அடுப்புக் கரியை வயலில் கொட்டச் சொல்பவனை யார் உள்ளே விடுவார்?) கடைசியில் பிரம்மதேசத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமாதான் மனமிரங்கினார். அவருக்கு இருந்தது குத்தகைக்குப் பிடித்த ஒரு ஏக்கர். அதில் விளையும் நெல்தான் வீட்டுக்கு வருஷச் சாப்பாடு. அந்த ஏக்கருக்கான நாற்றங்கால் மொத்தத்தையும் என்னிடம் விட்டார்.

"பாத்துச் செய் மச்சான். வேற விதை இல்ல" என்றார்.

மரக்காணம் உப்பளத்து ஓரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. உப்பளக்காரரிடம் கேட்டு வெட்டினேன், அங்கேயே குழி தோண்டி எரித்தேன். விறகு நன்றாகக் கனிந்து வந்த நேரத்தில்தான் தண்ணீர் கொண்டுவரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் எல்லாம் சாம்பல். இரண்டடி தள்ளி உப்புப் பாத்தி நிறையத் தண்ணீர் நின்றது. வாளி வாளியாக மொண்டு ஊற்றினேன்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாப்பா, பாத்தித் தண்ணிய ஊத்துற? வயலுக்குப் போற கரின்னு சொன்னியே?"

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினேன். "அது ஒண்ணும் பண்ணாதுக்கா. இந்தச் சூட்டுல தண்ணி அப்படியே ஆவியாப் பூடும்."

"ஆமா, தண்ணி பூடும்" என்றாள் அஞ்சலை. "அதத்தான் நாங்களும் தெனம் செய்யறோம்."

சொல்லிவிட்டு அவள் வாரி வைத்திருந்த வெள்ளைக் குவியலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. 'படிக்காத ஜனங்களுக்கு அறிவியலைக் கொண்டுபோவது எவ்வளவு கஷ்டம்' என்று அன்று டைரியில் எழுதினேன். (அந்தப் பக்கத்தை அப்புறம் கிழித்துவிட்டேன்.)

கரியை இரண்டு வாரம் சாணத்தில் ஊறவைத்து, நாற்றங்காலில் தாராளமாகக் கலந்தேன். முளைகட்டிய விதையை மாமா தூவினார். முளை எழும்பியது. ஒரு வாரத்துக்குள் நுனி கருகியது, அப்புறம் திட்டுத் திட்டாகப் படுத்தது. வரப்பில் உட்கார்ந்த மாமா சேற்றிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக் கழுவாமலே நாக்கில் வைத்தார்.

"எந்தத் தண்ணில அணைச்ச இத?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அக்கா மட்டும், "புள்ளைங்களுக்கு இன்னாடா வெச்சிருக்க?" என்று கேட்டாள். அப்படி ஒரு வெட்கமும் பயமும் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன்.

எங்கள் பக்கம் நடவு முடிந்து மிஞ்சும் நாற்றை, இல்லையென்று வருபவருக்கு விலையில்லாமல் கொடுப்பது வழக்கம். வாங்கப் போகிறவர் தன் நாற்று ஏன் போச்சு என்று சொல்ல வேண்டும். அதுவும் வழக்கம்தான். ஒவ்வொரு வயலாகப் போய் நின்றேன், ஒவ்வொரு வயலிலும் முதலிலிருந்து சொன்னேன். சிலர் நடவை நிறுத்திவிட்டு ஆள் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒரு பெரியவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லி நாலு முடி நாற்று கொடுத்தார். எட்டு நாள் கழித்து, ஊரிலுள்ள எல்லா ரக நெல்லும் கலந்து மாமாவின் ஏக்கர் நடப்பட்டது. அந்த வருஷம் அவர்கள் வீட்டுச் சோற்றில் குண்டரிசியும் சன்னரிசியும் ஒன்றாகவே வெந்தன.

அடுத்த பருவத்துக்கு மாமாவே போன் செய்தார். "கரி போடலாம் மச்சான். தண்ணி நான் கொண்டாறேன்." கிணற்றுத் தண்ணீரை டிரம்மில் ஏற்றிவந்து தன் கையாலேயே அணைத்தார். இன்று அந்த நிலம் வெயில் காலத்திலும் பொதபொதவென்று இருக்கிறது. பார்க்க வருபவர்களிடம் அவரே விளக்குகிறார், நான் ஓரமாக நிற்கிறேன்.

போன மாதம் அவர்கள் வீட்டில் காதுகுத்து. பந்தியில் பரிமாற ஆள் குறைந்தது என்று நான் தண்ணீர் ஜக்கை எடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா எச்சில் கையோடு எழுந்து வந்து, இடது கையால் ஜக்கை வாங்கிக்கொண்டார்.

"நீ அப்பளம் போடு மச்சான்" என்றார்.

பந்தியில் இருந்த வெளியூர்ச் சொந்தக்காரர்கள் ஏன் என்று கேட்டார்கள். அப்பளக் கூடையோடு நின்றுகொண்டு, முதலிலிருந்து சொன்னேன்.